மாடியேறினாலும் வைஃபை அறுபடாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: சார், மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்தேன். பேசிக்கொண்டே படியேறினால் வாட்ஸ்அப் கால் கட்டாகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுதான்.

பதில்: கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் வான் (WAN, இன்டர்நெட் உள்ளே வரும்) போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பெயர் ஒன்றானாலும் மாடி தனி நெட்வொர்க். போன் அங்கே போனதும் புது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) வாங்கும். பழைய முகவரியில் நடந்த பேச்சு நின்றுவிடும். மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலைக்கு, மாற்றுங்கள். பழைய பெட்டி, அந்த மோடு இல்லையா? கீழே 192.168.1.1 என்றால் மேலே 192.168.1.2 என்று முகவரி கொடுங்கள். போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை மேலே அணைத்துவிட்டு, கேபிளை லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள். பாதுகாப்பு வகையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, அதெல்லாம் செய்தாச்சு. மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது.

பதில்: எப்போது மாறுவது என்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான் தம்பி, ரவுட்டர் இல்லை. ஐபோனையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிக்னல் -70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடும். கால் ஓடிக்கொண்டிருந்தால், 8 டெசிபலாவது கூடுதலாக உள்ள இடத்துக்குத்தான் தாவும். கீழ் ரவுட்டர் முழு பலத்தில் கத்தினால் மாடியிலும் -65 கிடைக்கும், போன் ஏன் நகரப்போகிறது? அதனால் பவரைக் குறையுங்கள், முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பலரும் நேர்மாறாகக் கூட்டிவைக்கிறார்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி அதனால்தான்.

கேள்வி: இரண்டுக்கும் ஒரே சேனல் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2.4-இல் 1, 6, 11 ஆகியவற்றில் ஆளுக்கொன்று.

கேள்வி: செட்டிங்கில் 802.11 கே, வி, ஆர் என்று மூன்று இருக்கிறதே, எல்லாவற்றையும் போடலாமா?

பதில்: கே, அக்கம்பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்களின் பட்டியலைப் போனுக்குத் தரும். வி, 'அங்கே போனால் நல்லது' என்று யோசனை சொல்லும். இரண்டையும் தாராளமாகப் போடுங்கள். ஆர், மாறும்போது நடக்கும் சாவி பரிமாற்றத்தைச் சுருக்கும். ஆனால் சில பழைய பிரிண்டர்கள், ஸ்மார்ட் பல்புகள் அதைப் போட்டதும் இணைய மறுக்கும். அப்படி நடந்தால் ஆரை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கேபிள் இழுக்க வீட்டில் சம்மதிக்கவில்லை சார். எக்ஸ்டெண்டர் போதுமா?

பதில்: ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ரவுட்டரோடு பேசத் தனி ரேடியோ உள்ள மெஷ் செட் (ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகள்) வாங்குங்கள். ஒன்றை ஹாலிலும் இன்னொன்றைப் படிக்கட்டின் மேல் முனையிலும் வையுங்கள். சிக்னலே எட்டாத அறைக்குள் வைத்தால் அதற்கும் எட்டாது.