கோஷர் உணவும் சனிக்கிழமை ஓய்வும் கடைப்பிடிக்கும் யூத மாணவிக்கு ஆர்கானிக் பண்ணை வேலை ஒத்துவருமா?

உங்கள் மகளும் அவளுடைய யூதத் தோழியும் கோடை விடுமுறையில் அமெரிக்காவிலேயே ஓர் ஆர்கானிக் பண்ணையில் தங்கி வேலை செய்ய ஆசைப்படுகிறார்கள், கோஷர் (யூத மத உணவு விதி), சனிக்கிழமை ஓய்வு என்ற தோழியின் வழக்கங்களுக்கு அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிப்படும். கல்லூரி நாட்களில் நானும் என் அறைத்தோழனும் வெர்மான்ட்டில் இப்படித் தங்கியிருக்கிறோம். அவன் நியூயார்க் குவீன்ஸில் ஆர்த்தடாக்ஸ், அதாவது மத விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்தில் வளர்ந்தவன். நான் சைவம்.

நாங்கள் போனது வூஃப் (WWOOF) என்ற அமைப்பு வழியாக. 1971-ல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், நகரத்து ஆட்கள் வார இறுதியில் பண்ணைக்குப் போய் உழைக்கட்டும் என்று தொடங்கியது அது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் தினம் நாலு முதல் ஆறு மணி நேர வேலை, பதிலுக்குத் தங்குமிடமும் சாப்பாடும். சம்பளம் கிடையாது.

பண்ணைக்கு எழுதும் முதல் மடலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் முக்கியம். "உணவுக் கட்டுப்பாடு உண்டு" என்று பட்டும் படாமலும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. என் நண்பன் விவரமாகவே எழுதினான்: சொந்தப் பாத்திரமும் கத்தியும் கொண்டுவருவேன், எனக்கு நானே சமைத்துக்கொள்வேன், வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும் வரை வேலை செய்ய மாட்டேன், ஞாயிறு முழுக்கச் செய்கிறேன். பண்ணைக்காரம்மா திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை ஆட்டுப்பால் யார் கறப்பது? நான் கறக்கிறேன் என்றேன். விஷயம் முடிந்தது.

சாப்பாட்டில் நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் கோஷர் முத்திரை தேவையில்லை. ஆனால் பூச்சி கூடாது, மருந்தடிக்காத தோட்டத்தில் பூச்சி இல்லாமல் இருக்காது. லெட்டூஸைத் தாள் தாளாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஒவ்வோர் இலையையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். நடு நரம்பை ஒட்டி இலையின் நிறத்திலேயே அசுவினிப் பூச்சி உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் ஊடுருவினால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு கிண்ணம் சாலடுக்கு அரை மணி நேரம் ஆகும். முட்டையையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் பொட்டு இருந்தால் கொட்டிவிடுவான். பாலில் அவன் குடும்பத்தின் வழக்கம் இன்னும் கறார்: கறப்பதை ஒரு யூதர் பார்த்திருக்க வேண்டும். நகரத்தில் அதற்கென்று தனிக் கடைக்குப் போக வேண்டியிருந்த பால், இங்கே அவனே கறப்பதால் தானாகவே சரியாகிவிட்டது. பண்ணைச் சீஸை மட்டும் கடைசிவரை தொடவில்லை. அதை உறையவைக்கச் சேர்க்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து வருவது.

சனிக்கிழமைதான் என்னை யோசிக்க வைத்தது. சபாத் எனும் அந்த ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள் 39. பட்டியலின் முதல் பதினொன்று இவை: விதைப்பு, உழவு, அறுப்பு, கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். நிலத்திலிருந்து ரொட்டி வரைக்குமான மொத்தப் பாடும் அதில் இருக்கிறது! சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தும் தூற்றுவது எப்படியிருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. களத்தில் முறத்தை வைத்துக்கொண்டு காற்றுக்காக அவன் காத்து நின்றதைப் பார்த்தபோது, அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உழவர்களோடு வாழ்ந்தவர்கள் என்று எனக்கு உறைத்தது. வாரம் முழுக்க உடம்பு நோக உழைத்தவனுக்குத்தான் அந்த ஓய்வின் அருமை தெரியும் என்று அவனும் சொன்னான்.

ஓய்வு என்றாலும் கால்நடையைப் பட்டினி போடக் கூடாது. தான் சாப்பிடும் முன் தன் கால்நடைக்குத் தீனி வைக்க வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூதில் உள்ளது. அதனால் சனிக்கிழமை காலையிலும் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் அவன் சாப்பிடுவான். அன்று இட்ட முட்டையை மட்டும் தொட மாட்டான். கூட்டிலேயே இருக்கும், நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

யூதர்களே நடத்தும் பண்ணைகளும் உண்டு. கனெக்டிகட்டில் ஃபால்ஸ் வில்லேஜில் அதாமா, கலிபோர்னியாவில் பெர்க்லியில் அர்பன் அதாமா. சமையலும் ஓய்வுநாளும் அங்கே பிரச்சினையே இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்தால் நான் பொதுப் பண்ணையைத்தான் சொல்வேன். அங்கே தினமும் யாராவது ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்வதற்காகவே அவன் தன் மரபைத் திரும்பப் படித்தான், நானும் கூடவே கற்றுக்கொண்டேன்.

ஜூன் மாதம் நல்லது. வெர்மான்ட்டில் அப்போது எட்டரை மணி வாக்கில்தான் சூரியன் மறையும், வெள்ளிக்கிழமை வேலை கெடாது. டிசம்பர் விடுமுறை என்றால் நாலு மணிக்கெல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும். ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ திஷா பஆவ் நோன்பு வரும். ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அந்தத் தேதியையும் முதல் மடலிலேயே எழுதி, அன்று வெயிலில் வேலை வைக்க வேண்டாம் என்று தோழியைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.