சிறிய தகரக் கொட்டகையில் சைக்கிள்களையும் தோட்டச் சாமான்களையும் எப்படி வைப்பது?

கோத்தகிரியில் 8 அடிக்கு 6 அடி அளவுள்ள தகரக் கொட்டகையில் இரண்டு சைக்கிள்களும் மண்வெட்டி, களைக்கொத்து, உர மூட்டைகளும் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்கும், ஆனால் நம் மலையில் இடத்தைவிட ஈரத்தையே முதலில் எண்ண வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், இரவுக் குளிரில் தகரத்தின் உட்புறம் வியர்த்துச் சொட்டும் நீரே சைக்கிள் சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். ஆகவே எதிரெதிர்ச் சுவர்களில், கூரையையொட்டி, வலையடித்த காற்றுத் துவாரங்களை அமையுங்கள்.

சுவர் 7 அடி உயரம் இருந்தால், கதவுக்கு எதிர்ச்சுவரில் முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் சைக்கிள்களைச் செங்குத்தாகத் தொங்கவிடலாம். ஒன்றைச் சற்று மேலேயும் மற்றதைச் சற்றுக் கீழேயும் மாட்டினால் கைப்பிடிகள் முட்டிக்கொள்ளா. கொக்கியைத் தகரத்தில் அல்ல, சட்டத்தில்தான் முடுக்க வேண்டும். உயரம் போதாவிட்டால், ஒன்றின் முன்சக்கரம் மற்றதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும்படி தலைமாற்றித் தரையில் நிறுத்துங்கள்.

மண்வெட்டி, களைக்கொத்துகளை மண் போகத் துடைத்து, எண்ணெய் பூசி, பக்கச்சுவரில் ஆணிகளில் மாட்டினால் போதும்.

பலரும் கவனிக்காதது உரம். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து இரும்பை அரிக்கும். உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்கு அடிக்கும் மருந்தில் சேரும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) இரும்பைத் தின்றுவிடும். இவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்களில் போட்டு, சைக்கிள்களுக்கு எட்டத்தில், செங்கல்மேல் பரப்பிய பலகையில் வையுங்கள். குழந்தைகள் சைக்கிள் எடுக்க வந்துபோகும் கொட்டகை என்றால், பூச்சிமருந்தையும் மயில்துத்தத்தையும் கட்டாயம் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.