கலிபோர்னியாவில் வழக்கு, டாலஸில் கணவர்: சம்மனை யார் கொடுப்பது?

கேள்வி: சான் ஹோசேயில் வசிக்கிறேன். இங்குள்ள நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறேன். கணவர் டெக்சஸ் மாநிலம் டாலஸில் இருக்கிறார். சம்மனை நானே தபாலில் அனுப்பலாமா? பிராசஸ் சர்வரை (நீதிமன்றத் தாள்களை நேரில் கொடுக்கும் தொழில்முறை ஆளை) எந்த மாநிலத்தில் பிடிப்பது?

பதில்: நீங்களே அனுப்பினால் செல்லாது. வழக்கில் தரப்பாக இல்லாத, 18 வயது நிரம்பிய வேறொருவர்தான் கொடுக்க வேண்டும். தோழி ஒருவர் கொடுத்தாலும் சட்டப்படி சரியே. ஆனால் ‘எனக்கு எதுவும் வரவில்லை’ என்று கணவர் பின்னால் மறுத்தால், இரு பக்கமும் சாராத தொழில்முறை ஆளின் வாக்குமூலம்தான் உங்களைக் காப்பாற்றும்.

டாலஸ் பகுதியிலேயே தொழில் செய்பவரை அமர்த்துங்கள். வழக்கு கலிபோர்னியாவில் நடப்பதால் கலிபோர்னியா விதிப்படி கொடுத்தாலே போதும். பேசும்போதே எத்தனை முறை வீட்டுக்குப் போவார், மாலையிலும் சனி ஞாயிறிலும் போவாரா, வேலை செய்யும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் தனிக் கட்டணமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்குக் கொடுக்க சர்வரிடம் சம்மன் (படிவம் எஃப்எல்-110), மனு (எஃப்எல்-100), நிரப்பாத பதில் படிவம் (எஃப்எல்-120) ஆகிய மூன்றும் போக வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், அவர்கள் யாருடன் வசிக்கிறார்கள் என்று சொல்லும் எஃப்எல்-105-ம் சேரும். நிரப்பாத பதில் படிவத்தை வைக்க மறப்பவர்கள் நிறைய. கூடவே கணவரின் தெளிவான புகைப்படம், கார் எண், அலுவலகம் போய்வரும் நேரம், அடுக்குமாடி வாசல்கதவின் குறியீட்டு எண் எல்லாம் கொடுங்கள். கதவு திறக்காமல் திரும்பி வருவதில்தான் பெரும்பாலும் நாள் வீணாகிறது.

பல முறை போயும் ஆள் அகப்படவில்லை என்றால், அந்த வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே முகவரிக்குத் தபாலிலும் ஒரு நகல் அனுப்பலாம். தபாலில் போட்ட 10-ஆம் நாள் அது சேர்ந்ததாகக் கணக்கு. போன ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் குறிக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இந்த வழி நிற்காது. வெளிமாநிலத்தவருக்கு ஒப்புகை அட்டையுடன் தபாலில் மட்டும் அனுப்பவும் இடமுண்டு. அப்போதும் அனுப்புபவர் நீங்களாக இருக்கக் கூடாது. அட்டையில் வேறு யாரோ கையெழுத்திட்டால் சிக்கல்தான்.

முடிந்ததும், சம்மனைக் கொடுத்ததற்குச் சான்றான எஃப்எல்-115 படிவத்தில் சர்வர் கையெழுத்திட வேண்டும். டெக்சஸ்காரர்கள் தங்கள் சொந்தப் படிவத்தை அனுப்பிவிடுவதுண்டு. வெளிமாநிலத்தில் கையெழுத்திடும் உறுதிமொழியில் ‘கலிபோர்னியா மாநிலச் சட்டங்களின்படி’ என்ற வாசகம் இல்லாவிட்டால் நீதிமன்றம் திருப்பிவிடலாம். ஆகவே எஃப்எல்-115-ஐ நீங்களே அனுப்பிவையுங்கள்.

சம்மன் சேர்ந்த நாளிலிருந்து பதில் போட கணவருக்கு 30 நாள். விவாகரத்துக்கான குறைந்தபட்சக் காத்திருப்பான 6 மாதமும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். அவர் கலிபோர்னியாவில் வாழ்ந்ததே இல்லையென்றால் சொத்து, ஜீவனாம்சம் பற்றி உத்தரவிட இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமல் போகலாம். அதை வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கணவர் இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டால் கதையே வேறு. நீதிமன்றத் தாள்களை வெளிநாட்டில் கொடுப்பது பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா தபால் வழியையும் தனியார் வழியையும் ஏற்கவில்லை. புது தில்லியில் உள்ள சட்ட அமைச்சகம் வழியாகத்தான் சம்மன் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், கூடுதல் கட்டணம் கொடுத்தாவது அவர் டாலஸில் இருக்கும்போதே கொடுத்து முடித்துவிடுங்கள்.