தொங்கும் தோலும் பேக்கேஜ் விலையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எடை குறைக்க இரைப்பையில் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. 38 கிலோ குறைந்துவிட்டேன், இன்னும் குறைகிறது. ஆவணியில் அக்காள் மகள் கல்யாணம். அதற்குள் வயிற்றில் தொங்கும் தோலை எடுத்துவிடலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: கூடாது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டித் தைத்தால், மீதியும் இறங்கியபின் தோல் மறுபடி தொங்கும். பேரியாட்ரிக் செய்துகொண்டவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். அதிலும் கடைசி ஆறு மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். புரதமும் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தால் தையல் போட்ட இடம் எளிதில் ஆறாது. இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நல்ல பட்டுப் புடவையாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: நடைப்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் 45 கிலோ குறைத்தேன். வயிற்றுத் தோல் மட்டும் தொங்கியது. சென்னையில் ஒரு கிளினிக்கில் ‘லேசர் லைப்போசக்‌ஷன், தோலும் இறுகிவிடும், எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய்’ என்றார்கள். செய்துகொண்டேன். இப்போது முன்பைவிட அதிகமாகத் தொங்குகிறது. கேட்டால், அதற்குத் தனிப் பேக்கேஜ் என்கிறார்கள். – வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் மேல் தவறில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டீர்கள். அவர் விற்பனையாளராக இருந்துவிட்டார். லைப்போசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சும், தோலைக் குறைக்காது. உள்ளே இருந்த கொஞ்சக் கொழுப்பும் போனால், பிடிமானம் இழந்த தோல் இன்னும் தளர்ந்துதான் தொங்கும். உங்களுக்குத் தேவைப்பட்டது, தோலை வெட்டி எடுக்கும் டம்மி டக்.

‘எல்லாம் சேர்த்து’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கு ‘எல்லாம் சேர்த்து’ வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டேன். ஃபில்டர் அதில் சேராதாம்! ஃபில்டரை விட்டால் அந்தப் பெட்டியில் பராமரிக்க வேறு என்ன இருக்கிறது? அதே வித்தையை மனித உடம்பில் காட்டுகிறார்கள். பேக்கேஜ் என்றால் அதன் உள்ளடக்கத்தை வரிவரியாக எழுதித் தர வேண்டும்: அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், எத்தனை இரவு படுக்கை, நீர் வடியும் குழாய், வீக்கம் வடிய இறுக்கிப் போடும் அழுத்த உடை, பின்னர் வரும் ஆலோசனைகள், ஜிஎஸ்டி. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மற்றச் சிகிச்சைகளைப் போல வரிவிலக்கு கிடையாது. அந்த வரியைக் கடைசி பில்லில்தான் காட்டுவார்கள். தையல் பிரிந்தாலோ நீர் கோத்தாலோ யார் செலவு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் செருப்பைக் கூடக் கழற்றாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் வாங்குங்கள். தோல் தளரலாம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தோலும் இறுகிவிடும்’ என்ற விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள், அவைதான் உங்கள் பலம். பலன் சரியில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. பொய் வாக்குறுதி கொடுத்தார்கள் என்பது வேறு வழக்கு. வேறொரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் எழுத்தில் கருத்து வாங்கி, நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

கேள்வி: தோலை இறுக்கும் மூலிகை எண்ணெய், பாட்டில் 2,400 ரூபாய். இரண்டு முடித்துவிட்டேன். மூன்றாவது பாதி விலையாம். வாங்கலாமா? – வாசகி, கரூர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: தொப்பை மடிப்புக்குள் வியர்த்து, புண்ணாகி, பூஞ்சைத் தொற்று வந்துகொண்டே இருக்கிறது. மருத்துவக் காப்பீடு பணம் தருமா? – ஆசிரியை, மதுரை

பதில்: அழகுக்கான அறுவை என்றால் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. உடலுக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தாலும் விலக்கு உண்டு. உங்களுக்கு அந்தக் கடைசி வாசல்தான். அதனால் டம்மி டக் என்று கேட்காதீர்கள். அதில் வயிற்றுத் தசையை இறுக்கித் தொப்புளையும் இடம் மாற்றுவார்கள், நிறுவனம் அழகுக் கணக்கில் எழுதிவிடும். தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுக்கும் பனிகுலெக்டமி என்று வேறொன்று இருக்கிறது. தோல் மருத்துவரின் சீட்டுகள், களிம்பு பில்கள், தேதியோடு புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, அறுவைக்கு முன்பே அனுமதி கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: கைச் சதைக்கும் தொடைக்கும் சேர்த்து 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். இன்றே கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். டாக்டர் யார் என்று அறுவை நாளன்று சொல்வார்களாம். சரிதானே? – வாசகி, கோவை

பதில்: புடவைக் கடையில் முந்தானையை விரித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? கத்தி பிடிக்கப்போகிறவரின் பெயர் தெரியாமல் கொடுத்திருக்கிறீர்கள். பெயரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது அதன் பெயர் டிஆர்.என்.பி.) பட்டம் இருக்கிறதா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ‘காஸ்மெட்டிக் நிபுணர்’ என்ற பலகை பட்டம் ஆகாது. சொல்ல மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதாவது படியுங்கள்.

இன்னொன்று. கையில் அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறம் தழும்பு நிற்கும். மங்கும், மறையாது. அந்த மருத்துவர் செய்த பழைய நோயாளிகளின் ஓராண்டுக்குப் பிந்தைய படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டம்மி டக் முடிந்ததும் போடும் அழுத்த உடையை இரண்டாக வாங்கச் சொல்கிறார்கள். ஒன்று போதாதா? – வாசகர், சேலம்

பதில்: ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் எதைப் போட்டுக்கொள்வீர்கள்? இரண்டும் தேவைதான். ஆனால் ஒரே நாளில் வாங்காதீர்கள். வீக்கம் வடிந்ததும் அளவு மாறும்.