அடையும் நேரத்தில் எண்ண வேண்டும்: புறக்கடைக் கோழி வளர்ப்புக் கேள்வி பதில்

கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு சேவலும் ஒன்பது பெட்டைகளுமாக வீட்டின் பின்புறத்தில் வளர்த்து வருகிறேன். பண்ணை வைத்து விற்பவர்களின் கணக்கு வேறு. இங்கே பதில் சொல்லியிருப்பது, வீட்டு முட்டைக்காகவும் மன நிறைவுக்காகவும் ஐந்து, பத்து என்று வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டுமே.

கேள்வி: ஐயா, முதன்முறையாகக் கோழி வளர்க்கப் போகிறோம். எத்தனை வாங்கலாம்? தெருவில் கூடையில் வைத்து விற்கும் வண்ணக் குஞ்சுகளை வாங்கலாமா? பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள்.

வண்ணக் குஞ்சுகளை வாங்க வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகள். பொரிப்பகத்துக்குப் பயன்படாதவை என்று ஒதுக்கப்பட்டு, சாயத்தில் முக்கி எடுக்கப்பட்டவை. தாயின் கதகதப்பும் இல்லாமல், தடுப்பு மருந்தும் இல்லாமல், நாள் முழுவதும் வெயிலில் அலைந்து வந்து சேரும் குஞ்சு மூன்றாம் நாள் செத்துப்போனால், பிள்ளைகளுக்குக் கோழி வளர்ப்பின் முதல் பாடமே சாவாகிவிடும். அது பின்னால் எப்படியும் வரும். முதல் வாரத்திலேயே வர வேண்டியதில்லை.

நான்கைந்து மாதம் ஆன விடைக்கோழிகள் நான்கும் சேவல் ஒன்றுமாகத் தொடங்குங்கள். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனம் ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைதான் இடும். ஆனால் தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்து, பருந்தின் நிழல் விழுந்தாலே இறக்கைக்குள் குஞ்சுகளை வாரிக்கொள்ளும். வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் முட்டை கூடுதலாக இடும். அடைக்கு உட்காருவது அரிது. முட்டை மட்டும் போதுமென்றால் அவற்றை வாங்கலாம். பின்புறத்தில் ஒரு குடும்பம் வாழ்வதைப் பார்க்க வேண்டுமென்றால் சிறுவிடைதான்.

கேள்வி: பதினேழு கோழிகள் இருந்தன. நான்கே நாட்களில் பதினான்கு போய்விட்டன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. இரண்டு கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றின. கடையில் சொன்ன மாத்திரைகளை எல்லாம் கரைத்துக் கொடுத்தோம். எங்கே தவறினோம்?

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் இது வெள்ளைக்கழிச்சல் நோயாகவே இருக்க வேண்டும். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டு மலையூரான ராணிகேத்தில் தென்பட்டதால் இங்கே அதற்கு ராணிகேத் நோய் என்றும் பெயர். வைரஸால் வருவது; ஆகவே நோய் வந்த பிறகு அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நீங்கள் கரைத்துக் கொடுத்த மாத்திரைகளால் அந்த வைரஸை ஒன்றும் செய்திருக்க முடியாது. மாத்திரை கொடுக்கத் தாமதமாகிவிட்டதே என்ற குற்ற உணர்வு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தவறு நடந்தது அந்த நான்கு நாட்களில் அல்ல, அதற்குச் சில மாதங்கள் முன்பு.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். எட்டாம் வாரத்தில் இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் ஊசி போட வேண்டும். இவ்வளவுதான். ஆனாலும் பலர் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு: மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கு, இருநூறு கோழிகளுக்கு என்ற அளவில்தான் வரும், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதுவரை பனிக்கட்டியிலேயே இருக்க வேண்டும். ஆறு கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? எனவே தெருவில் கோழி வளர்க்கும் எல்லா வீடுகளையும் சேர்த்து ஒரே நாளில் போடச் செய்யுங்கள். அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் முகாம் நடக்கும் நாளைச் சொல்வார்கள். கோழிகளை முதல் நாள் மாலையே அடைத்து வையுங்கள். காலையில் திறந்துவிட்டபின் ஊரெல்லாம் துரத்திப் பிடிக்க எந்த ஊழியராலும் முடியாது. நான் துரத்தியிருக்கிறேன், வேலியில் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம். ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டதும், மற்றவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டு போகிறார்களே, அந்தக் கூடையில்தான் நோய் அடுத்த ஊருக்குப் பயணம் செய்கிறது. உங்கள் வீட்டுக்கும் அது பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கும். இறந்தவற்றை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குப்பையில் எறிந்தால் நாயும் காகமும் தெருத் தெருவாக இழுத்துச் செல்லும். கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டு, குறைந்தது ஒரு மாதமாவது புதுக்கோழி வாங்காமல் இருங்கள். பிழைத்த மூன்றையும் தனியாகவே வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே இரவில் ஐந்து கோழிகள். எதையும் தின்னவில்லை, கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பேயோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பேய் அன்று, பெரும்பாலும் மரநாயாக இருக்கும். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடத்துப் பறக்கும்போது, அசைவது ஒவ்வொன்றையும் கடித்துக்கொண்டே போவது மரநாயின் இயல்பு. பசிக்கு ஒன்று போதும் என்ற கணக்கு அந்த நேரத்தில் அதற்கு ஓடாது.

எனக்கும் இது நடந்தது. ஊருக்கெல்லாம் கூடு கட்டச் சொல்லிக்கொடுத்த நான், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் இரவு தாமதமாகத் திரும்பினேன். கோழிகள்தாம் அடைந்துவிட்டனவே, கதவைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடியலில் சேவல் கூவவில்லை. அந்த அமைதியில்தான் விழித்தேன். பதினொரு கோழிகள் கிடந்தன. ஒரு செவலைப் பெட்டை மட்டும் முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது; இரண்டு நாள் வரை அது கீழே இறங்கவில்லை.

அதன் பிறகு என் வழக்கம் மாறவில்லை: கோழி அடையும் நேரத்தில் நேரில் நின்று எண்ணுவேன், எண்ணியபின் தாழ்ப்பாள் போடுவேன், தாழ்ப்பாளில் கம்பி ஒன்றை முறுக்குவேன். வெறும் கொக்கியை மரநாய் நெம்பிவிடும். அறுகோண வலையை நம்ப வேண்டாம். அதைக் கடித்துக் கிழிக்க முடியும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையே தாங்கும். அதைச் சுவரோரம் ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள்; கீரி தோண்டும். பொறி வைத்துப் பிடித்து அடித்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கீரி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதோடு, உங்கள் கூட்டருகே வரும் பாம்பையும் எலியையும் தின்பது அதுதான். கதவைச் சாத்துவது நம் வேலை.

கேள்வி: பன்னிரண்டு முட்டை அவயம் வைத்தோம்; ஐந்துதான் பொரித்தன. அன்று இடி இடித்ததால் கூமுட்டையாகிவிட்டது என்கிறார் அப்பத்தா. அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைக்காததுதான் காரணம் என்கிறார். உண்மையா?

அப்பத்தா சொல்வதைக் கேட்டு இரும்பையும் கரியையும் வையுங்கள்; முட்டைக்கு அதனால் கேடில்லை, வீட்டிலும் அமைதி நிலவும். ஆனால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில், முட்டை எத்தனை நாள் பழையது? ஒரு கோழி இட்டு முடிக்கும் வரை சேர்த்து வைத்தால் முதல் முட்டைக்கு இரண்டு வாரம் ஆகிவிடும். ஏழு நாளுக்கு மேற்பட்டதை அடைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசி வெக்கையில் வெளியே கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துவிடும். ஆகவே ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். இரண்டாவதாக, ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு மேல் இருந்தால் பல முட்டைகளில் கருவே இருக்காது. ஏழாம் நாள் இரவு முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்துப் பாருங்கள்: சிலந்தி வலை போல நரம்போட்டம் தெரிந்தால் கரு உண்டு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம், கோழியும் வீணாக உட்கார வேண்டியதில்லை.

இருபத்தோராம் நாள் முட்டையில் துளை விழுந்ததும், உதவி செய்கிறேன் என்று முட்டை ஓட்டினை உரிக்காதீர்கள். வெளியே வர அரை நாளும் ஆகும், ஒரு நாளும் ஆகும். அதற்குள் மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போக வேண்டும். ஓட்டின் உட்புறச் சவ்வில் உள்ள இரத்தம் குஞ்சுக்குள் திரும்ப வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். அந்த மஞ்சள் கருவே இரண்டு நாளைக்கு உணவு என்பதால், பிறந்த குஞ்சு உடனே தின்னவில்லை என்று பதறவும் வேண்டாம். காதைக் கூட்டருகே வைத்துக் கேளுங்கள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். தாய் தொண்டைக்குள்ளேயே மெல்லப் பதில் சொல்லும். பணியில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான கோழிகளைத் தொட்டிருக்கிறேன். இந்தச் சத்தத்தை என் வீட்டுக் கூட்டில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

கேள்வி: அடைக்கு உட்கார்ந்த கோழி அதை விட்டு எழ, அதாவது அடை தெளிய, அதன் மூக்கில் இறகைச் செருகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. அது வதை. தரையைத் தொடாத, அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள்; வயிற்றுச் சூடு குறைந்து அடை தெளிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, எங்கள் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவுகிறது. பக்கத்து வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருட்டுக் கூட்டில் அடைத்தும் பயனில்லை.

பயன் இருக்காது, தம்பி. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைக்கப்பட்ட சேவல்களும் விடியலுக்கு முன்பே, தம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படி கூவியதைக் கண்டார்கள். பல சேவல்கள் இருந்தால் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசையாகத் தொடரும் என்பதையும் அவர்களே பின்னர் காட்டினார்கள். உங்களிடம் இரண்டு சேவல் இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்குப் பதில் கூவுவது நிற்கும். குஞ்சு வேண்டாமென்றால் சேவலே தேவையில்லை; சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். பக்கத்து வீட்டுக்கு வாரம் ஆறு முட்டை கொடுத்துப் பார்க்கலாம். என் அனுபவத்தில் அது கூவலின் ஒலியைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது.

கேள்வி: ஐயா, மூன்றரை வயதான பெட்டை ஒன்று முட்டையிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. குழம்பு வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். ஒன்பது வயது மகள் அதற்குப் பெயர் வைத்து மடியில் தூக்கிக்கொண்டு திரிகிறாள். என்ன செய்வது?

இதற்குக் கால்நடை அறிவியலில் பதில் இல்லை. என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். பெயர் வைத்த கோழியை நாங்கள் அறுப்பதில்லை. அறுக்கப் போகும் சேவல்களுக்குப் பெயர் வைப்பதும் இல்லை. அவை எதற்காக வளர்கின்றன என்பது குஞ்சிலிருந்தே பிள்ளைகளுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. ஆகவே காலம் கடந்துவிட்டது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அவருக்குக் கணக்கும் வேண்டுமென்றால், அந்தப் பெட்டை இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் இருக்கக்கூடும்; முட்டை குறைந்தாலும், மற்றக் கோழிகளின் முட்டைகளை வைத்தால் நன்றாக அடைகாக்கக்கூடும். மேய்ந்து தின்னும் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிக் குருணையும் தவிடும் பெரிய செலவன்று. எப்படி முடிவு செய்தாலும், பள்ளியிலிருந்து பிள்ளை வருவதற்குள் அறுத்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்றும் இது கடைக்கறி என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒருவர் நாற்பது வயதிலும் அந்தக் குழம்பை மறக்காமல் என்னிடம் சொன்னார். கோழிக்காக அல்ல, பொய்க்காக.

கேள்வி: கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளங்கள். அம்மையா?

ஆம், கோழி அம்மை, கொசுக்களாலும் பரவும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள். தனியே வைத்துத் தண்ணீரும் தீவனமும் எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண் மூடிக்கொண்ட கோழி பெரும்பாலும் அம்மையால் அன்றிப் பட்டினியால்தான் சாகிறது. வாய்க்குள் வெண்படலம் தெரிந்தால் மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைக்கலாமா?

வைக்கலாம். இருபத்தெட்டு நாள் ஆகும் என்பதால் கோழி ஒரு வாரம் கூடுதலாக உட்கார வேண்டும்; தினமும் அது எழுந்து தின்கிறதா என்று பாருங்கள். முட்டை பெரிது, ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். குஞ்சுகள் வந்த முதல் சில வாரங்கள் குடிநீர்த் தட்டைத் தவிர வேறு தண்ணீர் காட்டாதீர்கள்; தூவி நனைந்தால் குளிரில் ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் அவை கண்மாய்த் தண்ணீரில் இறங்கும்போது, தாய்க்கோழி கரையில் இறக்கையை விரித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடிக் கத்தும். அதைத் தூக்கி வராதீர்கள். குஞ்சுகள் கரையேறும் வரை அது அங்கேயே நிற்கும். மாலையில் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு தானே வந்து அடையும். நீங்கள் அப்போது எண்ணி, கதவைச் சாத்தினால் போதும்.