12 யூரோ விசிலும் 480 யூரோ அலங்காரமும்

அயர்லாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து டின் விசில் என்ற சின்ன ஊதுகுழலோடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அப்பா அம்மாக்களுக்கும் ஐரிஷ் மரபிசை மீது ஆசை பிறந்து, கருவி வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். விளைவு இந்த வாரத் தபாலில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என் திட்டுகளைச் சுருக்கவில்லை.

கேள்வி: கடையில் டின் விசில் 12 யூரோவுக்கும் இருக்கிறது, 120 யூரோவுக்கும் இருக்கிறது. நாற்பது வயதில் பழகப் போகிறேன். விலை கூடியதை வாங்கினால் சீக்கிரம் கை வருமா? – வாசகி, டப்ளின்

வராது. 12 யூரோ விசிலையே வாங்குங்கள். ஜெனரேஷன், ஃபடோக், வால்டன்ஸ், 1843-லிருந்து வரும் கிளார்க், எதுவானாலும் சரி. பெரிய வித்வான்களே இந்த மலிவு விசில்களில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அது டி சுருதி விசில்தானா என்பதை மட்டும்தான். அதே அலமாரியில் சி, பி ஃப்ளாட் விசில்களும் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வகுப்பில் மற்றவர்களோடு சேராது.

சுருதி கொஞ்சம் விலகியிருந்தால் பிளாஸ்டிக் ஊதுவாயைச் சற்று நேரம் சுடுதண்ணீரில் வைத்துத் திருகுங்கள். பசை விட்டுவிடும், பிறகு ஏற்றி இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கிளார்க்கின் பழைய மாதிரியில் இதைச் செய்யாதீர்கள், அதன் வாயில் இருப்பது மரக்கட்டை.

விசிலுக்குத் தோல் உறையும் விற்பார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. உறை 35 யூரோ, உள்ளே இருக்கும் விசில் 11 யூரோ.

கேள்வி: சென்னையில் கர்நாடக வயலின் கற்றவள் நான். இங்கே ஃபிடில் வகுப்பில் சேரப் போகிறேன். ஃபிடில் தனியாக வாங்க வேண்டுமா? – வாசகி, கார்க்

வேண்டாம், இரண்டும் ஒரே கருவி. புதுத் தந்தி போட்டு ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேருங்கள். தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றி வாசித்த கைக்கு, நாற்காலியில் அமர்ந்து தோளில் தாங்குவது முதலில் சிரமமாக இருக்கும். ஒரு ஷோல்டர் ரெஸ்ட் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஐரிஷ் ஃபிடில்' என்று தனி விலை சொல்லும் கடையில் நிற்காதீர்கள்.

கேள்வி: துருத்தியை முழங்கையால் அமுக்கி வாசிக்கும் இல்லின் பைப்ஸ் மீது எனக்குப் பல வருட ஆசை. ஷாம்ராக் இலையும் ஐரிஷ் பெயரும் போட்ட ஓர் இணையக் கடையில் 480 யூரோவுக்கு 'முழு செட்' வாங்கினேன். பார்சல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தது, வரி வேறு தனியாகக் கட்டினேன். ஏழு வாரமாக ஒரு ஸ்வரம்கூட ஒழுங்காக வரவில்லை. விற்றவர் 'பொறுமையாகப் பழகுங்கள்' என்கிறார். தவறு என்னுடையதா? – வாசகர், கால்வே

இல்லை ஐயா, ஒரு துளிகூட உங்கள் தவறு இல்லை. இந்த வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்றால் அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம். கருவி பாடவில்லை என்றால் நம்மையே நொந்துகொள்கிறோம். புதிதாகப் பழகுகிறவருக்குக் கோளாறு விரலிலா குழலிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்தக் கும்பல் பிழைப்பதே அதை நம்பித்தான். 'பழகுங்கள், பழகுங்கள்' என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளுவார்கள். யாராவது வாத்தியாரிடம் நீங்கள் எடுத்துக்கொண்டு போவதற்குள் திருப்பித் தரும் நாள் கடந்திருக்கும். அதன் பிறகு அந்தப் பொருள் பரணுக்குப் போகும், கூடவே உங்கள் ஆசையும். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'எனக்குச் சங்கீதம் வராது' என்று ஒரு மனிதரை நம்ப வைத்து அனுப்புகிறார்களே, அதைப் பொறுக்க முடியாது.

விலையே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். பை, துருத்தி, வாசிக்கும் குழல் மூன்றும் சேர்ந்தது பயிற்சி செட். சுருதிக்கு மூன்று ஒத்துக் குழல்கள் சேர்ந்தால் அரை செட். மணிக்கட்டால் தட்டும் விசைக் குழல்களும் சேர்ந்தால்தான் முழு செட். நல்ல கைவினைஞரிடம் பயிற்சி செட்டே ஆயிரம் யூரோவைத் தாண்டும், முழு செட்டுக்குப் பல ஆயிரம் ஆகும். அதுவும் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 480 யூரோவுக்கு முழு செட் என்றால் அது சுவரில் மாட்டத்தான்.

குழலுக்குள் இருக்கும் சீவாளியும் நாணல்தான். அந்தந்தக் குழலுக்கென்றே சீவி, கேட்டு, மறுபடி சீவிச் சேர்க்க வேண்டிய பொருள். அறை காய்ந்தாலே கோபித்துக்கொள்ளும். குழலின் உள்துளையே தப்பாகக் குடைந்திருந்தால் எந்தச் சீவாளியாலும் காப்பாற்ற முடியாது. நூற்றுக்கணக்கில் செய்து கப்பலேற்றுகிற பட்டறையில் இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?

இப்போது செய்ய வேண்டியது இது. அட்டையில் பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியிடம் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறுவது, கேளுங்கள். சொன்னதற்கு மாறான பொருள் என்று எழுதுங்கள். ஒரு பைப்ஸ் ஆசிரியரிடம் காட்டி, இது வாசிக்கத் தகுந்ததல்ல என்று இரண்டு வரி வாங்கி இணையுங்கள். இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்ல ஐரோப்பியச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை விற்றவர் தெரிவிக்கவே இல்லை என்றால் கெடு மேலும் ஓராண்டு நீளும். அவருடைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். ஆள் கடல் தாண்டி இருப்பதால் சட்டம் கைக்கெட்டுவது கஷ்டம், அதனால்தான் வங்கியை முதலில் சொன்னேன்.

ஆசையை விட்டுவிடாதீர்கள். டப்ளின் ஹென்ரியட்டா தெருவில் 'ந பீபிரி இல்லின்' என்ற சங்கம் இருக்கிறது. 1968-ல் பைப்ஸ் கலைஞர்களே தொடங்கியது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பயிற்சி செட்டை வாடகைக்குத் தருகிறார்கள். அங்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: சுற்றுலாப் போன இடத்தில் நினைவுப்பொருள் கடையில் பௌரான் என்ற ஐரிஷ் கைமேளம் வாங்கினேன். அழகான ஓவியம் போட்டது, 45 யூரோ. மழை நாளில் தோல் தொய்ந்து தொப் தொப்பென்கிறது. கடைக்காரர் திருப்பி எடுப்பாரா? – வாசகர், லிமெரிக்

எடுக்க மாட்டார். ஆட்டுத்தோல் ஈரத்தில் தொய்வது இயல்பு, அதைக் குறை என்று வாதாட முடியாது. சாவி போட்டு இறுக்கித் தளர்த்தும் வசதி உள்ள பௌரானைத்தான் வாசிக்க வாங்க வேண்டும். உங்களுடையதைப் போலவே, மான் படம் போட்டது, என் வீட்டிலும் தொங்குகிறது. விருந்தாளிகள் பாராட்டுகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பப்பில் எல்லோரும் கூடி வாசிக்கும் செஷனுக்கு முதல் மாதமே பௌரானோடு போய் நிற்காதீர்கள். அங்கே ஒருவர் அடித்துக்கொண்டிருந்தால் இரண்டாமவர் காத்திருப்பதுதான் மரியாதை.

கேள்வி: தள்ளுபடியில் கிடைத்ததால் 390 யூரோவுக்குக் கன்சர்ட்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி வாங்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்து எனிஸில் வகுப்பில் சேர்ந்தால், இது இங்கிலீஷ் வகை, ஐரிஷ் இசைக்கு ஆங்லோ வகை வேண்டும் என்கிறார் ஆசிரியர். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா? – வாசகர், கிளேர்

எதற்கு வழக்கு? பெட்டியில் 'இங்கிலீஷ் கன்சர்ட்டினா' என்று எழுதியிருந்ததாக உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்களே சொல்கிறீர்கள். கடைக்காரர் விற்றது சரியான பொருளைத்தான். ஆசிரியரிடம் ஒரே ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். கிளேரில் இருந்துகொண்டு, கன்சர்ட்டினாவுக்குப் பேர்போன மாவட்டத்தில், யாரிடமும் கேட்காமல் கன்சர்ட்டினா வாங்கியிருக்கிறீர்கள்!

சரி, இதை விற்றுவிடுங்கள், வாங்க ஆள் உண்டு. அடுத்து 30 பொத்தான் கொண்ட சி/ஜி ஆங்லோ. மலிவாக இருக்கிறதே என்று 20 பொத்தானுக்குப் போகாதீர்கள். அதில் சி ஷார்ப் கிடையாது, டி-யில் இருக்கும் பாட்டுகளில் பாதி வழியில் நிற்பீர்கள். இந்த முறை தயவுசெய்து ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஐந்து தந்தி பேஞ்சோ வாங்கிவிட்டேன், பரவாயில்லையா? – வாசகர், பிரே

அமெரிக்கப் புளூகிராஸ் இசை வாசிப்பதாக இருந்தால் பரவாயில்லை. ஐரிஷ் இசைக்கு வேண்டியது நான்கு தந்தி டெனர் பேஞ்சோ.

கேள்வி: '1,800 ஐரிஷ் பாடல்கள், பி.டி.எஃப்., சலுகை விலை 39 யூரோ' என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? – வாசகி, வாட்டர்ஃபோர்டு

வேண்டாம். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே 1,850 மெட்டுகள் இருக்கின்றன. காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது, இணையத்தில் இலவசம். அதையே படமெடுத்து விற்கிறவர்கள் உண்டு. அப்புறம், இந்த இசையைத் தாளைப் பார்த்து மட்டும் பழகினால் உப்புச்சப்பில்லாமல்தான் வரும். 39 யூரோவை 'கோல்டஸ்' கிளை வகுப்பில் கட்டுங்கள். 1951-ல் தொடங்கிய ஐரிஷ் மரபிசை அமைப்பு, நாடெங்கும் கிளைகள் உண்டு.

கேள்வி: கைமாறி வந்த மர ஃப்ளூட், 600 யூரோ சொல்கிறார்கள். தலைப்பகுதியில் மெல்லிய விரிசல். 'மரம் என்றால் அப்படித்தான்' என்கிறார் விற்பவர். – வாசகர், டப்ளின்

கடைக்காரர் இல்லாமல் தனியாள் விற்கிறார் என்றால் 2022 நுகர்வோர் சட்டம் உங்களுக்குத் துணை வராது. கண்ணால் பார்த்து வாங்கியது உங்கள் பொறுப்பு. ஹீட்டர் காய்ச்சும் வீட்டில் மரம் வெடிப்பது சகஜம், தலைப்பகுதி விரிசலைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் விரிசல் ஊதுதுளையைத் தொட்டிருந்தால் வாங்காதீர்கள். தொடவில்லை என்றால், பழுதுபார்ப்பவரிடம் செலவைக் கேட்டு அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் விட்டுவிட்டு, டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஃப்ளூட் ஒன்று தேடுங்கள். அது வெடிக்காது.