கேளுங்கோ, சொல்கிறேன்: மை குடிக்கும் பெட்டி

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், வீட்டில் வைத்து தரம் 5 பிள்ளைகள் 8 பேருக்கு ரியூசன் கொடுக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆளுக்கு 3 பக்க வினாத்தாள். கடைக்கு அலைய வேண்டாமென்று தை மாதம் 18,500 ரூபாய்க்கு ஒரு சின்ன இங்க்ஜெட் பிரின்டர் வாங்கினேன். 180 பக்கம் வருமென்று சொன்ன கறுப்பு மை 110 பக்கத்தோடு நின்றுவிட்டது. கலரில் ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை, அதுவும் முடிந்ததாகக் காட்டுகிறது. புதிதாகப் போட கறுப்பு 4,600, கலர் 5,000 கேட்கிறார்கள். கறண்ட் பில்லுக்குப் பயந்து வேலை முடிந்த கையோடு பிளக் சுவிச்சையும் அணைத்துவிடுவேன். பிரின்டரில் பழுதா, என்னை ஏமாற்றிவிட்டார்களா?
- ஓர் ஆசிரியை

பதில்: ரீச்சர், பழுதும் இல்லை, ஏமாற்றும் இல்லை. இரை போட்டுத்தானே பாரை பிடிப்பார்கள்? 18,500 ரூபாய்ப் பெட்டி இரை. லாபம் மையில் இருக்கிறது.

ஆனால் உங்கள் மையில் ஒரு பங்கு தாளுக்கே போகவில்லை. கேள்வியின் கடைசியில் பிளக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் போயிருக்கிறது. மை தெறிக்கும் துளைகள் தலைமயிரைவிட நுண்ணியவை. பிரின்டரை அதன் பட்டனால் அணைத்தால் அந்தத் துளைகள் உள்ள மைத் தலை ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியில் உட்காரும். பிளக் சுவிச்சை அணைத்தால் நின்ற இடத்திலேயே திறந்தபடி கிடந்து காய வாய்ப்புண்டு. அடுத்த முறை போட்டதும் துளையைத் திறக்க மையை உறிஞ்சித் துப்பும். அந்தக் 'கர்ர்ர்' சத்தம் அதுதான். துப்பிய மை அடியிலுள்ள பஞ்சில் ஊறிப் போகும். இந்தக் கழுவலில் கலர் மையும் சேர்ந்தே போகும். ஒரு பக்கம்கூட அடிக்காமல் கலர் முடிந்த மர்மம் இதுதான். சில மாடல்கள் கறுப்பை அடிக்கும்போதும் கலரைக் கலக்கும். அதனால் அச்சிடும்போது கறுப்பு மை மட்டும் என்ற தெரிவைப் போடுங்கோ.

இது எனக்கும் நடந்ததுதான். மத்திய வீதியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தவன் நான். ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுக்கும் ரோணியோ மெசினில் கையெல்லாம் கறுப்பாகி, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்த ஆள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கறண்ட் போனதே, அப்போது அடித்துக்கொண்டிருக்கும்போதே தலை நடுவழியில் நிற்கும். மூடி இல்லை, வெளியில் கச்சான் காற்று. ஆவணி மாதம் பார்த்தால் நீலம் முற்றாக அடைத்துப்போயிருந்தது. வெந்நீர், பஞ்சு என்று ஒரு கிழமை மல்லுக்கட்டியும் சரிவரவில்லை. அறிந்தவனுக்கே அந்தக் கதி. உங்கள் பிரின்டர் காற்று வரும் ஜன்னலோரம் இருந்தால் முதலில் அதை உள்ளே நகர்த்துங்கோ.

கறண்ட் பற்றிப் பயப்படாதீங்கோ. பட்டனால் அணைத்த பிரின்டர் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். பிளக்கையும் அணைத்தால்தான் நித்திரை வருமென்றால், பட்டனை அணைத்து விளக்கு நின்ற பிறகு அணையுங்கோ.

அந்த 180 பக்கம் பொய்யில்லை. ஒரு மாதிரித் தாள் தொகுதியைத் தொடர்ந்து அடித்து எண்ணும் சர்வதேச முறை உண்டு, ஐஎஸ்ஓ 24711 என்பார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எழுப்பும் வீட்டுப் பிரின்டருக்கு அந்தக் கணக்குச் செல்லாது. அதோடு, புதுப் பிரின்டருடன் வரும் காட்ரிஜ்ஜில், அதாவது மைக் கூட்டில், பல மாடல்களில் மை குறைவாகவே இருக்கும்.

இனிக் காசைப் பார்ப்போம். 180 பக்கமும் வந்தால்கூடப் பக்கம் 25 ரூபாயைத் தாண்டும். 24 பக்கத்துக்கு 610 ரூபாயளவு. கடையில் போட்டோக் கொப்பி பக்கம் 10 ரூபாய் என்று வையுங்கோ. வீட்டில் ஒரு பிரதி மட்டும் அடித்து, மற்ற ஏழு பிள்ளைகளுக்கும் கொப்பி எடுத்தால் 290க்குள் முடியும். கடைக்கு ஒரு நடை நடக்கத்தான் வேணும், அதற்கு நான் பொறுப்பில்லை. கலர் காட்ரிஜ் இல்லாமலும் உங்கள் மாடல் அடிக்குமா என்று பார்த்துவிட்டு 5,000 ரூபாயை எடுங்கோ. எப்படியும் கிழமைக்கு ஒரு தாளாவது அடியுங்கோ, பேரப்பிள்ளை கீறிய படமென்றாலும் சரி.

கேள்வி: ஊசியால் மை ஏற்றினால் பிரின்டர் கெட்டுவிடுமா?
- கிண்ணியா வாசகர்

பதில்: மைத் தலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காட்ரிஜ்ஜிலேயே தலை இருந்தால், பிழைத்தாலும் போவது பெரும்பாலும் காட்ரிஜ் மட்டும். தலை பிரின்டருக்குள் இருந்தால் கெட்ட மை பிரின்டரையே கொண்டுபோகும். சூட்டால் மையைக் குமிழியாக்கித் தெறிக்கும் வகையில் முழுதாக வற்றும்வரை விடாதீங்கோ, அந்தச் சூட்டை ஆற்றுவதும் மைதான். கறுப்புக்கு மாடலுக்குரிய வகையையே கேட்டு வாங்குங்கோ. சாய மை ஈரக்கை பட்டால் கரையும்.

இன்னொன்று, சூட்டால் மை தெறிக்கும் அந்த வித்தையே ஊசியில் பிறந்தது. 1977இல் கெனன் ஆய்வுகூடத்தில் சூடான சோல்டரிங் அயன் மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட, நுனியால் மை தெறித்ததாம். நான் முதன்முதல் ஊசி பிடித்த அன்று சிவப்பு விரலோடு கோணேசர் கோயிலுக்குப் போய் நின்றேன். "அண்ணை, மருதோன்றியோ?" என்று கேட்டார் ஒருவர்.

கேள்வி: போத்தலில் இருந்து மை ஊற்றும் தாங்கி வைத்த பிரின்டர் வாங்கலாமா?
- லிங்கநகர் வாசகர்

பதில்: எப்சன் 2010இல் முதன்முதல் இந்தோனேசியாவில் இறக்கிய வகை. சின்னக் காட்ரிஜ்ஜில் 8 மில்லிலீற்றர் மை இருந்தால், தாங்கிப் பிரின்டரின் போத்தலில் 65 இருக்கும். மாதம் இருநூறு, முந்நூறு பக்கம் அடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாதம் பத்துப் பக்கக்காரருக்கு அதுவும் காயும். கறுப்பு மட்டும் போதுமென்றால் பாவித்த லேசர் பிரின்டர் ஒன்று பாருங்கோ. அதில் மைக்குப் பதிலாக இருக்கும் ரோனர் தூள் காயாது. நம் கடைகளில் பழக்கமான எச்பி 12ஏ ரோனரின் கணக்கு 2,000 பக்கம். வாங்கும்போது முழுக் கறுப்பாக ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கோ. மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு விழுந்தால், புது ரோனரையும் சேர்த்து விலை பேசுங்கோ.